தானாகத் திறக்கும் பச்சைக்கிளி

ஹஃப்சா லேப்டாப்பின் பொத்தானை அமுக்கிவிட்டு அடுப்படிக்குப் போய் அரிசி களைந்து உலையில் போட்டாள் என்றால், சோற்றை வடித்துவிட்டு வருகிற நேரத்துக்கு அது கண் விழிக்கும். பெண்டாட்டி ஒன்றுக்கு ரெண்டாகச் சொல்கிறாள் என்றுதான் ஷார்ஜாவில் இருக்கும் அவள் புருஷன் துல்கர்னைன் நினைத்திருந்தான். ஒருநாள் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்து எண்ணியே காட்டிவிட்டாள். இருபத்திரண்டு நிமிஷம்.

கண் விழித்த பிறகும் சும்மா விடாது. மஞ்சள் மணி ஒன்று அடிக்கும். நீலப் புறா ஒன்று கூவும். பிரிண்டரே இல்லாத வீட்டில் 'பிரிண்டரில் மை இல்லை' என்று ஒன்று புகார் சொல்லும். எல்லாம் ஓய்ந்த பிறகு, நடு ஸ்கிரீனில் ஒரு பச்சைக்கிளி வந்து சிறகடித்துக்கொண்டே நிற்கும். அது நிற்கிற வரைக்கும் மவுஸை இழுத்தால் அம்பு அசையாது.

பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு. ஹஃப்சாவுக்கு அப்படியில்லை. ஏனென்றால் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அந்த லேப்டாப்பில்தான் அவளுடைய வகுப்பு.

ஐந்து வருஷம் மார்க்கக் கல்வி ஓதி ஆலிமா பட்டம் வாங்கியவள் அவள். பட்டம் வாங்கிய மறு மாசம் கல்யாணம். அப்புறம் பத்து வருஷம் அந்தப் படிப்பு பீரோவுக்குள் ஃபைலில் கிடந்தது. போன வருஷம்தான் மேலப்பாளையத்திலிருந்து ஒரு ஆன்லைன் மதரஸா நடத்தும் இத்ரீஸ் ஹஜ்ரத் ஒன்பது பிள்ளைகளை அவளிடம் ஒப்படைத்தார். தம்மாமில் மூன்று, குவைத்தில் நான்கு, தோஹாவில் இரண்டு. எல்லாம் நம்ம பக்கத்துப் பிள்ளைகள். அங்கே குர்ஆன் ஓதத் தமிழில் சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் இங்கே தேடி வந்தவர்கள். வகுப்பு முடிவில் இறைவனிடம் கையேந்தித் துஆ கேட்பார்கள். இன்றைக்கு யாருக்காகக் கேட்கணும் என்று பிள்ளைகளே பேர் சொல்லும். உம்மாவுக்குக் காய்ச்சல், அண்ணனுக்குப் பரீட்சை, பக்கத்து வீட்டுப் பூனைக்குக் கால் உடைந்துவிட்டது. ஹஃப்சா எல்லாவற்றுக்கும் கேட்பாள். பூனைக்கும் கேட்டாள். அந்த ஒரு மணி நேரத்தில் அவளுக்கு வருகிற சந்தோஷம் நாள் முழுக்க வேறு எதிலும் வராது.

போனிலேயே நடத்தலாமே என்று யாரும் கேட்க வேண்டாம். ஒன்பது முகமும் எழுத்துப் பலகையும் போனுக்குள் அடங்காது. அவளும் முயன்று பார்த்துக் கண் வலித்ததுதான் மிச்சம்.

ஆனி மாசம் பிறந்ததும் வந்தது சங்கடம். மலையில் சாரல் பிடித்தால் தென்காசியில் காற்று சுழற்றி அடிக்கும், காற்றடித்தால் கரண்டு போகும். லேப்டாப்பின் பேட்டரி செத்து ரெண்டு வருஷம். இன்வெர்ட்டர் வாங்க வேண்டும் என்ற பேச்சு மூன்று வருஷமாக நடக்கிறது. எனவே கரண்டு ஒரு நொடி கண் சிமிட்டினாலும் முதலிலிருந்து இருபத்திரண்டு நிமிஷம். இப்படி ஒரே மாசத்தில் மூன்று நாள் பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருக்க, ஆலிமாவைக் காணோம்.

வியாழக்கிழமை இத்ரீஸ் ஹஜ்ரத்திடமிருந்து செய்தி வந்தது. 'சனிக்கிழமை வகுப்பில் நானும் உட்காருவேன். அன்றைக்கும் தாமதமானால் பிள்ளைகளை வேறு ஆலிமாவிடம் மாற்ற வேண்டியிருக்கும். வருத்தப்பட வேண்டாம்.' வருத்தப்பட வேண்டாம் என்று எழுதிவிட்டால் வருத்தம் வராதாக்கும். ஹஃப்சா அதைப் படித்துவிட்டு அடுப்படியில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

சனிக்கிழமை தம்மாம் ஆஷிகாவின் முறை. ஏழு வயசு. 'ர' என்று சொல்லச் சொன்னால் 'ல' என்று சொல்லும் பிள்ளை. முதலில் வேறொருவரிடம் ஓதி, அதட்டலுக்குப் பயந்து அழுதுகொண்டே நின்றுவிட்டவள். மூன்று மாசமாகக் குர்ஆனின் ஒரே சூராவில் நாக்கைப் பழக்கி, அதை முழுசாக மனப்பாடமாக ஓதப் போகிறாள். அந்தப் பிள்ளையை இன்னொருத்தர் கையில் தூக்கிக் கொடுப்பது என்றால் ஹஃப்சாவுக்கு மனசு ஒப்பவில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்புக்கு விடுமுறை. மதியம் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சந்தில் கடை வைத்திருக்கும் வேல்ராஜிடம் போனாள். வேல்ராஜ் அதை ஆன் செய்துவிட்டு ரெண்டு போன்களுக்குக் கண்ணாடி ஒட்டி முடித்தான். அப்போதும் அது முழுசாகத் திறக்கவில்லை.

"ஃபார்மேட் அடிச்சிருவோம்க்கா. மூணு நாள் குடுங்க. உள்ள இருக்கதெல்லாம் போயிரும், பரவால்லல்லா?"

"எல்லாமா? மச்சான் பேசுதது, கொழுந்தன் பேசுதது, அதெல்லாம்?"

"அதெல்லாந்தான்க்கா பாரமே."

லேப்டாப்பைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்தப் பாரம் எப்படி ஏறியது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். வளைகுடாவில் ஆள் இருக்கிற வீடுகளுக்கு இது தெரிந்த கதை. இந்த மாசம் ஒரு ஆப்பில் பேச்சு போகும், அடுத்த மாசம் அந்த நாட்டில் தடை வந்து போகாது. உடனே அங்கே உள்ளவர்கள் இன்னொன்றைக் கண்டுபிடிப்பார்கள். லீவில் வருகிற ஒவ்வொருத்தனும் ஊர் வந்து பெட்டியைத் திறக்கிற கையோடு, வீட்டு லேப்டாப்பையும் திறந்து தன்னுடைய ஆப்பைப் போட்டுவிட்டுப் போவான். கொழுந்தன் அஃப்சல் போட்டது மஞ்சள் மணி. தம்பி ஹுஸைஃபா போட்டது நீலப் புறா. 'மெஷினைத் திறந்ததும் அதுவா வரும்படி வச்சிருக்கேன், நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்' என்று ஒவ்வொருவரும் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினார்கள். இப்படிப் பத்து வருஷத்தில் பதினொன்று சேர்ந்துவிட்டன.

ஹஃப்சா ஒன்றையும் நிறுத்தவில்லை. மூடினால் அவர்கள் கூப்பிடுகிற கால் வராது என்று நினைத்தாள். அதைவிட, மூடுவது அந்த ஆளையே வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்துவது மாதிரி அவளுக்குப் பட்டது. கடல் கடந்து கிடக்கிறவனுக்குச் செய்கிற காரியமா அது?

கடையை விட்டு இறங்கினால் எதிரே வேன் நிற்கிறது. ஜன்னலுக்கு வெளியே ரஹ்மத் மதினியின் கை. துல்கர்னைனின் அக்கா, சென்னையில் இருப்பவள். தென்காசியில் வீடு வைத்திருப்பவனுக்கு அருவிச் சீசனான ஆனி ஆடியில் விருந்தாளி வராமல் இருக்க மாட்டார்கள். மதினி வருஷம் தவறினதில்லை.

"ஏறு, ஏறு. ஒன் மவ எங்ககூடத்தான் இருக்கா. ஐந்தருவில தண்ணி நல்லா விழுதாம்."

"மதினி, கைல லேப்டாப்பு இருக்கு..."

"நீயா குளிக்கப் போறே? துணிமணியப் பாத்துக்கிட்டு ஒக்காந்திரு."

அதுவும் வழக்கம்தான். அருவிக்குப் போகும் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு ஆள் துணிக்குக் காவல். எட்டு வருஷமாக அந்த ஆள் ஹஃப்சா.

ஐந்தருவியில் சரியான கூட்டம். மதினி, அவள் பிள்ளைகள், ஹஃப்சாவின் மகள் சுமையா எல்லாரும் பெண்கள் வரிசைக்குப் போய்விட, ஏழு துண்டு, நாலு பை, ஒரு எண்ணெய்ப் பாட்டிலோடு ஹஃப்சா சுவர் ஓரம் உட்கார்ந்தாள். சாரல் முகத்தில் அடித்தது. லேப்டாப் பையைத் துப்பட்டிக்குள் இழுத்துப் பொத்திக்கொண்டாள். நாளைக்கு ஐந்தரை, நாளைக்கு ஐந்தரை என்று மனசு ஒரே இடத்தில் சுற்றியது.

காதுக்குப் பக்கத்தில் விசில் அலறியது.

"இங்கன ஒக்காரக் கூடாதும்மா, எந்திரிங்க. எந்திரிங்கன்னு... ஏட்டி, ஹஃப்சாவா நீ?"

தொப்பிக்குக் கீழே இருந்த முகத்தைப் பார்க்க ஒரு நொடி பிடித்தது. நிர்மலாதேவி! கடையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். வீட்டில் அண்ணன் ராணுவம், சித்தப்பா போலீஸ். இவளும் போலீஸ் ஆகிவிட்டாள் என்று கேள்விப்பட்டதோடு சரி. கல்யாணத்துக்கு வந்துபோனதற்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறாள்.

"மூதி, நீ எப்படிட்டி இங்க?"

"சீசன் டூட்டி. ஸ்டேஷன்ல கம்ப்யூட்டர்ல எஃப்.ஐ.ஆர். அடிச்சிக்கிட்டு நிம்மதியா இருந்தேன். தூக்கி இங்கன போட்டுட்டாவ. காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு." பேசிக்கொண்டே பாறை மேல் ஏறிய ஒருத்திக்கு விசில் ஊதினாள். பிறகு திரும்பிப் பார்த்தாள். "மூஞ்சி ஏன் இப்படி இருக்கு ஒனக்கு? என்னட்டி?"

இத்தனை வருஷம் கழித்துப் பார்த்தவள் முதல் நிமிஷத்திலேயே முகத்தைப் படித்துவிட்டாள். பிள்ளைகள், ஆஷிகா, ஹஜ்ரத், இருபத்திரண்டு நிமிஷம், ஃபார்மேட் என்று எல்லாவற்றையும் ஹஃப்சா ஒரே மூச்சில் கொட்டினாள்.

நிர்மலா சிரித்துவிட்டாள். "இதுக்கா? எங்க ஸ்டேஷன் கம்ப்யூட்டரும் இந்த ஜாதிதான். ஆன் பண்ணிட்டு டீக்குடிச்சிட்டு வரணும். நான் போயி ஒரு நாள்ல சரி பண்ணுனேன். அடுத்த டூட்டிக்காரி வந்திருவா, கால் மணி நேரம் எனக்கு பிரேக்கு. வா."

துண்டுகளையும் பைகளையும் அள்ளிக்கொண்டு ரெண்டு பேரும் போலீஸ் அவுட்போஸ்ட் ஷெட்டுக்குப் போனார்கள். வாக்கி டாக்கி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டு நிர்மலா லேப்டாப்பைச் சொருகினாள். தோளில் கிடந்த சின்னத் துண்டால் மூடியின் ஈரத்தைத் துடைத்தாள். அது திறக்கிற வரைக்கும் பக்கத்துக் கடையில் சூடாக மிளகாய் பஜ்ஜி வாங்கி வந்து தின்றார்கள். பத்து வருஷக் கதையைப் பேச அந்த இருபத்திரண்டு நிமிஷம் போதவே இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக லேப்டாப் சீக்கிரம் திறந்துவிட்டதாக ஹஃப்சாவுக்குத் தோன்றியது. பிரேக் முடிந்தும் நிர்மலா எழுந்திருக்கவில்லை. வெளியே நின்றவளிடம், "அக்கா, இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கிடுங்க, ஒரு அவசரக் கேசு," என்று சத்தம் கொடுத்தாள்.

மணி அடித்தது, புறா கூவியது, கிளி வந்தது. நிர்மலா மூன்று பொத்தானைச் சேர்த்து அமுக்கினாள். ஒரு பட்டியல் திறந்தது. 'ஸ்டார்ட்அப்' என்ற தலைப்பைத் தட்டினாள்.

"பாத்தியா? மெஷின் எந்திரிக்கும்போதே கூட எந்திரிக்கது யார் யாருன்னு இதுல தெரியும். இதுல யாரு எம்புட்டு நேரத்த முழுங்குதான்னும் போட்டிருக்கும். 'ஹை'ன்னு இருக்கவன்தான் பெருந்தீனிக்காரன்."

பதினெட்டுப் பேர் இருந்தார்கள். ஹஃப்சாவின் பதினொன்று போக, மீதியை யார் கூட்டி வந்தார்களோ.

"வைரஸ் பாக்கிறதத் தொடக் கூடாது. இது சவுண்டு, இதும் இருக்கட்டும். பிரிண்டர்... ஒன் வீட்டுல பிரிண்டரே கெடையாதே?" வலது பொத்தானை அமுக்கி, 'டிஸேபிள்' என்பதைத் தட்டினாள். பிரிண்டர் போனது. "அடுத்து இந்த மணி."

"ஏட்டி, அதத் தொடாத. அது கொழுந்தன் போட்டது. கால் வந்தா?"

"கடைசியா இதுல எப்பட்டி கால் வந்துச்சு?"

ஹஃப்சா யோசித்தாள். "கொரோனா சமயத்துல."

"இப்ப அவரு எதுல பேசுதாரு?"

"போன்ல."

"எல்லாரும்?"

"எல்லாரும் போன்லதான்."

நிர்மலா அவளையே பார்த்தாள். போலீஸ்காரப் பார்வை. ஹஃப்சாவுக்குத் தன்மேலேயே சிரிப்பு வந்துவிட்டது. லேப்டாப் மட்டும் இருந்த காலத்தில் வந்த பழக்கம். எல்லார் கையிலும் போன் வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. மணியும் புறாவும் மட்டும் தினமும் எழுந்து, வராத காலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"இங்க பாரு, கோட்டிக்காரி. இது அழிக்கது இல்ல. ஆளு உள்ளதான் இருப்பான். நீ கூப்பிட்டா வருவான். கூப்பிடாம வரக் கூடாதுன்னு சொல்லுதோம், அம்புட்டுதான். கொழுந்தன் ஒண்ணும் கோவிக்க மாட்டாரு."

இதை யாராவது அவளுக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம். ஹஃப்சா தலையாட்டினாள். மணி போனது. புறா போனது. ஹுஸைஃபாவின் இன்னொன்று, பாட்டுக் கேட்கிற ஒன்று, கிரிக்கெட் ஸ்கோர் சொல்கிற ஒன்று. நாலைந்துக்குப் பிறகு நிர்மலா மவுஸை ஹஃப்சாவின் பக்கம் தள்ளிவிட்டாள். "நீயே பண்ணு. நாளைக்கு இன்னொருத்தன் லீவுல வந்து ஒண்ணப் போட்டுட்டுப் போனாம்னா என்னையத் தேடிக்கிட்டு அருவிக்கா வருவே?"

நிறுத்த வேண்டியதில் கடைசியில் ஒன்று மிஞ்சியது. அதற்கு நேரே 'ஹை' என்றிருந்தது.

"பெருந்தீனிக்காரன் இவன்தாம்ட்டி. இந்தக் கிளி. கம்பெனியையே மூடிட்டானுவ போலிருக்கு, இது இன்னமும் அவன்கூடப் பேசணும்னு திரும்பத் திரும்ப முட்டுது. அதாலதான் ஒன் மெஷின் அசைய மாட்டேங்குது. தட்டு."

ஹஃப்சாவின் விரல் நின்றது.

கல்யாணம் ஆன நாற்பதாம் நாள் துல்கர்னைன் முதன்முதலாகத் திரும்பிப் போனான். போவதற்கு முந்தின சாயங்காலம் உட்கார்ந்து அதைப் போட்டான். அப்போது அவளுக்கு மவுஸ் பிடிக்கக்கூடத் தெரியாது. 'பொத்தான மட்டும் அமுக்கு, அதுவாத் தொறக்கும், நான் வந்திருவேன்' என்றான். அப்படியே வந்தான். சுமையா வயிற்றில் இருக்கும்போது வந்தான், பிறந்தபோது வந்தான். கிளிக்குக் கீழே ஒரு சின்ன வட்டத்தில் மீசை சரியாக முளைக்காத அவன் படம், பக்கத்தில், அவள் அவனைக் கூப்பிடுகிற 'மச்சான்' என்று அவனே அடித்துக் கொடுத்த எழுத்து. அது வேலை செய்யாமல் போய் அஞ்சாறு வருஷம் ஆகியும் தினமும் அந்த முகம் ஒரு தடவை வந்துவிட்டுத்தான் அவளுடைய நாள் நகர்ந்தது.

நிர்மலாவிடம் அவள் இதையெல்லாம் சொல்லவில்லை. நிர்மலா படத்தைப் பார்த்தாள், பெயரைப் பார்த்தாள், தோழியின் முகத்தையும் பார்த்தாள்.

"சரி, இதுல நான் கைய வைக்க மாட்டேன். எப்படிச் செய்யணும்னு ஒனக்குத் தெரியும். ஒனக்குத் தோணுனா நீ பண்ணு."

மூடித் திறந்து பார்த்தார்கள். எட்டு நிமிஷம். அதில் கிளி தின்றது ஆறு.

ஹஃப்சா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒனக்கு நான் என்னட்டி செய்யப் போறேன்?"

"அந்தப் பிள்ளைகளுக்கு ஓதிக் குடுக்கயில்லா, எனக்கும் ஒண்ணு ஓதி விடு. இந்தக் காலுவலி போகட்டும்." வெளியே பெண்கள் வரிசையில் ஏதோ தள்ளுமுள்ளு. நிர்மலா தொப்பியை மாட்டிக்கொண்டு விசிலைக் கடித்தபடி ஓடினாள். போய்ட்டு வாரேன் என்றுகூடச் சொல்லவில்லை.

அந்தி சாய்ந்து மக்ரிபு தொழுத பிறகு துல்கர்னைன் போனில் வந்தான். மதினி பிள்ளைகளின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். ஹஃப்சா போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய் லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். அருவியில் நடந்ததைச் சொன்னாள். எட்டு நிமிஷத்தைச் சொன்னாள். நாளைக்குச் சரியாக வகுப்பு நேரத்துக்குக் கரண்டு போனால் எட்டும் தாங்காது என்றாள்.

"அப்ப அந்தக் கிளியையும் நிறுத்த வேண்டியதுதான?"

"உங்களுக்கு ஒண்ணுமில்லையா?"

கோபித்துக்கொள்வானோ என்று பயந்தாள். அந்தப் பக்கம் மெதுவாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"ஒன்கிட்ட சொன்னா சிரிப்பே. என் பழைய போன் ஒண்ணு இருக்குல்லா? அதுல கிளி இன்னும் இருக்கு. சார்ஜர்லயே போட்டு வச்சிருக்கேன். பேட்டரி உப்பிப்போச்சு. ரூம்ல இருக்கவனுவல்லாம் தூக்கித் தூரப் போடுங்கானுவ."

"எதுக்கு வச்சிருக்கீங்க?"

"நீ பாட்டுக்கு அதுல கூப்பிட்டுட்டேன்னா?"

"வேலையே செய்யாததுல நான் எப்படிக் கூப்பிடுவேன்?"

"தெரியும் புள்ள. தெரிஞ்சும் அணைக்க மனசு வரல. நீ இன்னும் தொறந்து வச்சிருக்கியே, நான் எப்படி மூடன்னு இருந்தேன்."

ஹஃப்சாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவன் மூடாததால் இவள் மூடவில்லை, இவள் மூடாததால் அவன் மூடவில்லை. ரெண்டு கிளிகள் ரெண்டு ஊரில் ஆறு வருஷமாகச் சிறகடித்து ரெண்டு மெஷினைக் கெடுத்திருக்கின்றன. பிறகுதான் அவன் சொன்னதில் முக்கியமானது அவளுக்கு உறைத்தது.

"உப்பிப்போச்சா? அல்லாவே, வெடிச்சிருமே! மொதல்ல அந்தப் பிளக்கப் புடுங்குங்க!"

"இரு, இரு. நீ அங்க நிறுத்து, நான் இங்க நிறுத்துதேன். சேந்தே பண்ணுவோம். ஒண்ணு... ரெண்டு..."

மூன்று என்றபோது அவள் டிஸேபிளைத் தட்டினாள். அங்கே பிளக்கைப் பிடுங்கிய சத்தம் கேட்டது. "புடுங்கிட்டேன்," என்றான். அழியவில்லை, உள்ளேதான் இருக்கிறான், கூப்பிட்டால் வருவான் என்று அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள். தவிர, ஆளே காதுக்குள் பேசிக்கொண்டிருக்கிறான்; படம் எதற்கு?

சனிக்கிழமை ஐந்து மணிக்கே தொழுது முடித்து, லேப்டாப்பைத் திறந்து, எல்லாம் தயார் செய்து உட்கார்ந்தாள். ஐந்து இருபத்திரண்டுக்கு மலைப்பக்கமிருந்து ஒரு காற்று கிளம்பி மாடியில் காய்ந்த மதினியின் துண்டுகளை அள்ளிக்கொண்டு போனது. கரண்டும் போனது. ஸ்கிரீன் கறுத்தது.

அவள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து இருபத்து மூன்று. ஐந்து இருபத்து நான்கு. வாசலில் மதினி துண்டுக்காகக் கத்திக்கொண்டிருந்தாள். ஐந்து இருபத்தாறுக்கு ஃபேன் மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. பொத்தானை அமுக்கிவிட்டு ஹஃப்சா கண்ணை மூடிக்கொண்டாள்.

மணி அடிக்கவில்லை. புறா கூவவில்லை. கண்ணைத் திறந்தால் வெறும் நீல ஸ்கிரீன் அமைதியாக அவளைப் பார்த்தது. மவுஸை அசைத்தாள், அம்பு ஓடியது. ரெண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. போனிலிருந்து இணையத்தைக் கொடுத்து வகுப்புக்குள் போனபோது மணி ஐந்து இருபத்தொன்பது. உள்ளே ஒரே ஒருவர் இருந்தார். இத்ரீஸ் ஹஜ்ரத்.

"அஸ்ஸலாமு அலைக்கும், ஆலிமா," என்றார். உடனே மைக்கை அணைத்துக்கொண்டார்.

பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்தன. ஆஷிகாவின் முகம் வந்ததும் வாயைப் பிளந்தது. "ஆலிமா, நீங்க எங்களுக்கு முந்தி வந்துட்டீங்க!"

"நீ இன்னிக்கு ஓதப் போறியே, அதான் வெரசா வந்துட்டேன்."

ஆஷிகா ஓதினாள். நடுவில் ஒரு இடத்தில் 'ர' வரும் இடம் வந்தது. பிள்ளை ஒரு நொடி நின்றாள். ஹஃப்சா தன் நாக்கை மேலே தூக்கிக் காட்டினாள், சத்தமில்லாமல். அது தம்மாமில் தெரிந்தது. ஆஷிகா சரியாகச் சொல்லிவிட்டு, தன்னையே நம்ப முடியாமல் சிரித்துக்கொண்டே மிச்சத்தையும் ஓதி முடித்தாள். அவள் பின்னால் நின்ற உம்மா கண்ணைத் துடைத்தது இங்கே தெரிந்தது.

ஹஜ்ரத் மைக்கைத் திறந்தார். "பிள்ளை நல்லா ஓதுது. வகுப்பு உங்ககிட்டயே இருக்கட்டும் ஆலிமா. மெஷின் புதுசா?"

"இல்ல ஹஜ்ரத். அதேதான்," என்றாள்.

துஆவுக்குப் பிள்ளைகள் கையேந்தின. யாருக்காகக் கேட்கணும் என்று வழக்கம்போலப் பேர்கள் வந்தன. ஒரு தாத்தா, ஒரு பரீட்சை, அந்தப் பூனை மறுபடியும். எல்லாம் முடிந்ததும் ஹஃப்சா கொஞ்சம் தயங்கினாள். ஹஜ்ரத் பார்த்துக்கொண்டிருக்கிறார். என்ன நினைப்பாரோ? நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டாள்.

"இன்னிக்கு நானும் ஒரு பேரு சொல்லுதேன். நிர்மலாதேவி. அவளுக்குக் காலுவலி போகணும்."

"அது யாரு ஆலிமா?" குவைத்திலிருந்து ஒரு குரல்.

"என் சிநேகிதி. போலீஸ். ஐந்தருவில நாள் முழுக்க நின்னுக்கிட்டே இருக்கா. அவ இல்லன்னா இன்னிக்கு நான் உங்க முன்னால இல்ல."

போலீஸ் என்றதும் பிள்ளைகளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. யா அல்லாஹ், நிர்மலாதேவியின் காலுக்குச் சுகம் கொடு என்று ஹஃப்சா கேட்டாள். கடல் கடந்து மூன்று ஊர்களிலிருந்து ஒன்பது குரல்கள் 'ஆமீன்' என்று கத்தின. எல்லாம் அடங்கிய பிறகு, கனத்த குரலில் பத்தாவதாக ஒரு ஆமீன் வந்தது. ஹஜ்ரத் ஒரு நொடி தாமதம்தான். ஹஃப்சா மன்னித்துவிட்டாள்.